நாய்க்குட்டி விற்கக் கிளம்பும் தம்பிகளுக்கு

சுங்கை சிப்புட்டில் இப்போது தாமானுக்குத் தாமான் யாராவது ஒருவர் ஜோடி அல்சேஷனோ ஷிட்சுவோ வாங்கி, வீட்டுப் பின்புறம் கூண்டு அடித்துவிடுகிறார். தோட்டத்து லயத்தில் நாய் தன் பாட்டுக்குக் குட்டி போட்ட கதை வேறு, இது வியாபாரம். தண்ணீர் வை, நிழல் கொடு என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதுகூடத் தெரியாதவர் இந்தத் தொழிலுக்கே வர வேண்டாம்.

ஐந்தாம் வாரத்தில் குட்டியைக் கொடுப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். நாலு வாரம் வரை தாய்ப்பால், செலவில்லை. அப்புறம் தின்ன ஆரம்பிக்கும், தீவனப் பை காலியாகும், நாள் முழுக்கத் தரையைக் கழுவ வேண்டும். போதாததற்கு அந்த வயதில்தான் குட்டி கொழுகொழுவென்று இருக்கும், படம் போட்டதும் விலை போகும். உடனே கைமாற்றிவிடுகிறார்கள்.

எட்டு வாரமாவது தாயோடு இருக்கட்டும். குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும்போது, அழுத்திக் கடித்தால் மற்றது கத்திக்கொண்டு விலகிப் போகும், தாய் உறுமும். எவ்வளவு அழுத்தலாம் என்பதைக் குட்டி அங்கேதான் பழகுகிறது. பழகாமல் போன குட்டி, வாங்கிய வீட்டில் பிள்ளையின் கையைக் கடிக்கும். கடைசியில் செம்பனைத் தோட்டத்து ஓரமாக யாரோ இறக்கிவிட்டுப் போவார்கள்.

அடுத்தது பார்வோ, குட்டிகளைக் கொல்லும் வைரஸ் குடல் நோய். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி இரத்தத்தில் இருக்கும்வரை தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒரு ஊசியைப் போட்டுவிட்டு ‘எல்லா ஊசியும் போட்டாச்சு’ என்பது பச்சைப் பொய்.

சீனப் பெருநாளுக்கு முன் ஒரு தம்பி அப்படித்தான் ஈப்போக்காரர் ஒருவருக்கு ஒரு குட்டியைக் கொடுத்தான். ஒரே வாரத்தில் வாந்தி, இரத்தப்போக்கு. மருத்துவச் செலவு குட்டியின் விலையைத் தாண்டியது, குட்டியும் பிழைக்கவில்லை. “என் வீட்டுல நல்லாத்தானே இருந்துச்சு அண்ணே” என்றான். தொற்றிய பிறகு நோய் வெளியே தெரியச் சில நாள் ஆகும் தம்பி, உன் வீட்டிலிருந்தே போயிருக்கலாம். அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரணச் சோப்புக்குச் சாகாது. அழுக்கைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் குளோராக்ஸ் (பிளீச்) கலந்த தண்ணீரை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊற விட வேண்டும். அவனோ அடுத்த ஈற்றையும் அதே சிமெண்டுத் தரையில்தான் விட்டான்.

ஒவ்வொரு பருவத்துக்கும் இணை சேர்ப்பது

பெட்டை ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு முறை பருவத்துக்கு வரும். சினை சுமார் 63 நாள், பிறகு பாலூட்டல். உடம்பு தேற இடைவெளி வேண்டாமா? முதல் பருவத்திலேயே சேர்ப்பவர்களிடம் பேசிப் பயனில்லை. அந்த வயதில் அதுவே இன்னும் வளர்ந்து முடிக்காத குட்டி.

சப்பை மூக்கு இனங்கள்

நாய் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கும். பக், பிரெஞ்சு புல்டாக் இரண்டுக்கும் மூச்சுவழியே குறுகல். நம் ஊர் மதிய வெயில் அவற்றைக் கொன்றுவிடும். பிரெஞ்சு புல்டாக் பெரும்பாலும் அறுவை செய்துதான் ஈனும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

மெர்ல் நிறத்தோடு மெர்ல்

மெர்ல் என்பது வெளிறிய நிறத்தில் திட்டுத்திட்டாக இருக்கும் ரோமம். அப்படி இரண்டு நாயை இணை சேர்க்கவே கூடாது. குட்டி செவிடாகவோ குருடாகவோ பிறக்கலாம்.

கம்பித் தரைக் கூண்டு

பாதம் புண்ணாகும். பலகை போடுங்கள்.

உரிமம்

நகராண்மைக் கழகத்தில் எடுக்கும் நாய் லைசன்ஸ் வளர்ப்பதற்கு மட்டும். தொழிலாகச் செய்ய, மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தின்படி கால்நடைச் சேவைத் துறையிடம் தனி உரிமம் வேண்டும். அதே சட்டத்தில் கொடுமைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.