பழைய டிரையம்ஃபின் ஆர்பிஎம் மீட்டர்: பழுதைக் கண்டறிந்து சரிசெய்தல்

1960-களின் பிற்பகுதியில் வந்த டிரையம்ஃப் போனவில் போன்ற 650 சிசி இரட்டைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள்களில் ஸ்மித்ஸ் நிறுவனத்தின் காந்த வகை டேக்கோமீட்டர், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது (ஆர்பிஎம்) என்று காட்டும் மீட்டர், பொருத்தப்பட்டிருக்கும். அதன் முள் துடித்தாலோ, ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டாலோ, பலரும் முதலில் மீட்டரைத்தான் பிரிக்கிறார்கள். உண்மையில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. பழுது பெரும்பாலும் கேபிளிலோ அதன் கீழ்முனையிலோ தொடங்குகிறது. அதைக் கவனிக்காமல் மீட்டரை மட்டும் சீர்செய்தால் அதே பழுது திரும்ப வரும்.

எஞ்சினின் புகை வால்வுகளை இயக்கும் தண்டான எக்ஸாஸ்ட் கேம்ஷாஃப்டின் முனையிலுள்ள சிறிய பல்சக்கரப் பெட்டி கேபிளின் உள்கம்பியைச் சுழற்றுகிறது. அந்தக் கம்பி மீட்டருக்குள் இருக்கும் காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல் மிகச் சிறிய இடைவெளியில் ஓர் அலுமினியக் கிண்ணம் நிற்கிறது; சுழலும் காந்தம் அதில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுவதால் கிண்ணமும் உடன் திரும்ப முயல்கிறது. மெல்லிய சுருள்வில் அதைப் பின்னோக்கி இழுக்க, இரண்டு விசைகளும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. இந்த அமைப்பு மனத்தில் இருந்தால், முள்ளின் நடத்தையைக் கொண்டே பழுது எங்கே என்று ஓரளவு ஊகித்துவிடலாம். முள் அசையவே இல்லையென்றால் கம்பி அறுந்திருக்கும், அல்லது அதன் சதுரமுனை தேய்ந்திருக்கும். குறைந்த வேகத்தில் முள் துடித்தால் கேபிள் வறண்டிருக்கும், அல்லது எங்கோ கூர்மையாக மடிந்திருக்கும். முள் உச்சிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டால், காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே எண்ணெயோ இறுகிய கிரீஸோ புகுந்து இரண்டையும் ஒட்டவைத்திருக்கிறது, அல்லது சுருள்வில் முறிந்திருக்கிறது.

மீட்டரின் அடியிலுள்ள நட்டைக் கழற்றிக் கேபிளை விடுவித்து, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு உள்கம்பியின் நுனியைப் பாருங்கள். அது சீராகச் சுழன்றால் குறை மீட்டரில் இருக்கிறது. சுழலாவிட்டால், அல்லது விட்டுவிட்டுச் சுழன்றால், எஞ்சினை நிறுத்திக் கீழ்முனையையும் கழற்றி, கம்பியை முழுவதுமாக உருவி எடுத்துத் தட்டையான மேசைமீது உருட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் துள்ளினால் அங்கே முறுக்கு விழுந்திருக்கிறது. அதை நிமிர்த்திப் பயனில்லை, புதிய கேபிள்தான் வேண்டும். கம்பி நன்றாக இருந்தால் மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். மேல்முனையில் 15 சென்டிமீட்டர் அளவுக்குக் கிரீஸே படக் கூடாது. சுழலும் கம்பியின் புரிகள் எண்ணெயையும் கிரீஸையும் மெல்ல மேலே ஏற்றி மீட்டருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கழற்றிய கம்பியின் மேல்முனை எஞ்சின் ஆயிலில் நனைந்திருந்தால், பல்சக்கரப் பெட்டியின் ஆயில் சீல் போய்விட்டது என்று பொருள். அதை மாற்றிய பிறகே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும்.

அடுத்து மீட்டரைத் தனியாகச் சோதிக்கலாம். பழைய உள்கம்பியிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி டிரில் மெஷினில் பிடித்து, சதுரமுனையை மீட்டரில் செருகிக் குறைந்த வேகத்தில் சுழற்றுங்கள். முள் பூஜ்யத்தின் தடுப்பு ஆணியை நோக்கி அழுந்தினால் உடனே நிறுத்தித் திசையை மாற்றுங்கள். டயலில் 4:1 என்று அச்சிட்டிருந்தால் எஞ்சின் நான்கு முறை சுற்றும்போது கேபிள் ஒருமுறை சுற்றுகிறது. எனவே டிரில் 1500 ஆர்பிஎம்மில் சுழலும்போது முள் 6000-ஐக் காட்ட வேண்டும். 3:1 என்றால் 4500.

டிரில்லின் வேகத்தை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பழைய சோக் வைத்த டியூப் லைட் வினாடிக்கு 100 முறை மின்னுகிறது. மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, டிரில்லின் சக்கில் (முனையைப் பிடித்துச் சுழலும் தலைப்பகுதியில்) வெள்ளை பெயிண்டால் ஒரே ஒரு கோடு போட்டு, வேகத்தை மெதுவாகக் கூட்டுங்கள். அந்த ஒரு கோடு, அசையாமல் நிற்கும் நான்கு கோடுகளாகத் தெரிந்தால் வேகம் 1500. மூன்றாகத் தெரிந்தால் 2000. எலெக்ட்ரானிக் சோக் உள்ள விளக்கிலோ எல்இடி விளக்கிலோ இதை நம்ப முடியாது.

எல்லா வேகங்களிலும் ஒரே அளவு எண்ணிக்கை குறைத்துக் காட்டினால் முள் தண்டில் இடம் மாறியிருக்கிறது, திருத்துவது எளிது. வேகம் ஏற ஏறப் பிழையும் பெருகினால் காந்தம் வலுவிழந்திருக்கலாம். அதை இக்கருவிகளைப் பழுதுபார்ப்பவரிடமே கொடுங்கள். குறைத்துக் காட்டும் மீட்டரை நம்பி ஓட்டுபவர் எஞ்சினை அதன் உச்ச வேக வரம்பான சிவப்புக் கோட்டுக்கு அப்பால் முறுக்குவார் என்பதால் இந்தக் குறையை அப்படியே விட்டுவைக்கக் கூடாது.

எண்ணெய் புகுந்த மீட்டரை மட்டும் நாமே திறக்கலாம். கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தின் மடிந்த விளிம்பைச் சிறிய தட்டை ஸ்க்ரூடிரைவரால் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக, பல சுற்றுகளில் நிமிர்த்துங்கள். ஒரே இடத்தில் நெம்பினால் வளையம் கோணிவிடும். பின்புறத் திருகுகளைக் கழற்றினால் டயலோடு இயக்கப்பகுதி முன்பக்கமாக வெளியே வரும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த மெல்லிய தூரிகையால் காந்தத்தையும் கிண்ணத்தையும் துடையுங்கள்; சுருள்வில்லைத் தொடாதீர்கள். பெட்ரோலும் தின்னரும் டயலின் எழுத்துகளை அழித்துவிடும். காந்தத்தைத் தாங்கும் தண்டுக்குத் தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு போதும். இதைவிடப் பழைய, இருட்டில் ஒளிரும் எழுத்துகள் கொண்ட டயல் என்றால் அந்தப் பூச்சில் ரேடியம் இருக்கக்கூடும். அதைச் சுரண்டாமல், திறக்காமல் விட்டுவிடுவதே நல்லது.

திரும்பப் பொருத்தும்போது கேபிள் அகலமான வளைவில் இறங்குகிறதா, ஹேண்டில்பாரை இருபுறமும் முழுவதும் திருப்பினாலும் இழுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சதுரமுனை மீட்டருக்குள் தானாக அமர்ந்த பிறகே நட்டைக் கையால் இறுக்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மேல்முனையை ஒருமுறை கழற்றிப் பார்த்து, கம்பி உலர்ந்திருந்தால் சீல் சரியாக அமர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.