1950களின் பத்திரிகைகளில் 'தகுதி': படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி இடங்களையும் அரசு வேலைகளையும் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட சென்னை அரசின் ஆணைதான் கம்யூனல் ஜி.ஓ. அதை எதிர்த்த வழக்கு நடந்த 1950, 1951 காலத்துப் பத்திரிகைகளை இன்று மேற்கோள் காட்டுபவர்கள் 'தகுதி', 'திறமை' என்ற சொற்களை அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். எந்த மதிப்பெண், எந்தப் பட்டியல், எத்தனை இடம் என்று கேட்பதில்லை. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

வழக்குத் தொடுத்த இருவரில் சீனிவாசன் என்ற மாணவர் 450க்கு 369 எடுத்திருந்தார். இதை இன்டர்மீடியட் (பள்ளிக்குப் பிந்தைய இரண்டாண்டுப் படிப்பு) தேர்வின் மொத்த மதிப்பெண்ணாக எழுதாதீர்கள். பொறியியல் சேர்க்கைக்குக் கணக்கில் எடுத்த கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய விருப்பப் பாடங்களின் மதிப்பெண் மட்டுமே அது. 'தகுதி' என்று அன்று பேசப்பட்டதே இப்படிச் சில பாடங்களைத் தேர்ந்தெடுத்து வைத்த அளவுகோல்தான்.

அடுத்து, கம்யூனல் ஜி.ஓ. இல்லாவிட்டால் எல்லா இடமும் மதிப்பெண் வரிசைப்படி நிரம்பியிருக்கும் என்ற அனுமானம். சென்னை ராஜ்யத்தின் நான்கு அரசு மருத்துவக் கல்லூரிகளில் 330 இடங்கள் இருந்தன. அவற்றில் 17 வெளி ராஜ்ய மாணவர்களுக்கு, 12 அரசின் விருப்புரிமைக்கு. மிச்சம் 301ஐ நான்கு மாவட்டத் தொகுப்புகளுக்குப் பிரித்தார்கள். ராஜ்ய மாணவர்களுக்கான இடங்களில் குறைந்தது 20 சதவீதம் பெண்களுக்குப் போனது. இத்தனைக்கும் நடுவில்தான் சாதிவாரி விகிதம் வந்தது: 14 இடத்துக்கு பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, அரிஜனங்கள் 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம் 1. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் தேர்வு கல்வித் தகுதியையும் மதிப்பெண்ணையும் வைத்தே நடந்தது. எனவே 'தகுதியா, வகுப்புரிமையா' என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்தும் ஒரு தலையங்கத்தை வாசித்தால், மாவட்ட ஒதுக்கீட்டையும் அரசின் அந்த 12 இடங்களையும் அது தொடுகிறதா என்று பாருங்கள். சாதி விகிதத்தை மட்டும் 'தகுதிக்குக் கேடு' என்று சொல்லி மற்றவற்றை விட்டுவிட்டால், அந்த எழுத்து தகுதியைப் பற்றியது அல்ல. இந்தச் சோதனை எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது.

வழக்குத் தொடுத்த மற்றொருவரான செண்பகம் துரைராஜனுக்கு 'இடம் மறுக்கப்பட்டது' என்று எழுதுவதும் தவறு. அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. விசாரித்தபோது பிராமணர் என்பதால் கிடைக்காது என்று அறிந்ததாகச் சொல்லி நீதிமன்றம் போனார். பத்திரிகைச் செய்தியோடு நிற்காமல், தீர்ப்புத் தொகுப்பான ஆல் இந்தியா ரிப்போர்ட்டரில் (ஏ.ஐ.ஆர். 1951 எஸ்.சி. 226) அந்தத் தீர்ப்பையே திறந்து பாருங்கள், சில பக்கங்கள்தான்.

கல்லூரியையும் வேலையையும் குழப்பாதீர்கள். செண்பகம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அதே 1951 ஏப்ரல் 9 அன்று வெங்கட்ரமணா வழக்கிலும் தீர்ப்பு வந்தது. அது மாவட்ட முன்சீப் (கீழ்நிலை உரிமையியல் நீதிபதி) பதவிகள் பற்றியது. அரசு வேலையில் பிற்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்கீடு செய்ய அனுமதிக்கும் அரசமைப்பின் 16(4) இருந்ததால் அரிஜனங்களுக்கும் பிற்பட்ட இந்துக்களுக்குமான ஒதுக்கீட்டை நீதிமன்றம் ஏற்றது. மற்றப் பிரிவுகளுக்கானதை ஏற்கவில்லை. கல்லூரிக்கு அப்படியொரு சட்டப் பிரிவு இல்லாததால் முழு ஏற்பாடும் விழுந்தது. 'நீதிமன்றம் தகுதியைக் காப்பாற்றியது' என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடைத்தால் இந்த வேறுபாடு மறைந்துபோகும். செண்பகம் வழக்குத் தீர்ப்பு, மதம், இனம், சாதி, மொழி காரணமாக மட்டும் அரசுக் கல்வி நிலையங்களில் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்ற 29(2)ஐ வைத்து எழுதப்பட்டது. யாருக்குத் தகுதி உண்டு என்று நீதிபதிகள் அளக்கவில்லை.

ஒரு நாளேட்டை 'தமிழ்ப் பத்திரிகை உலகம்' ஆக்குவது இன்னொரு பிழை. அன்று ஆங்கிலத்தில் 'தி இந்து', தமிழில் 'சுதேசமித்திரன்', 'தினமணி' ஆகியவற்றோடு பெரியாரின் 'விடுதலை'யும் அண்ணாவின் 'திராவிட நாடு'ம் வந்துகொண்டிருந்தன. ஒரே வாரத்தில் குறைந்தது மூன்றையாவது ஒப்பிடுங்கள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் கன்னிமாராவிலும் தேடலாம். நகலெடுக்கும்போது தேதி, பக்கம், அது தலையங்கமா, செய்தியா, கடிதமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு வாசகரின் கோபம் பிறகு ஏட்டின் கொள்கையாகிவிடும்.

தேதியில் இன்னும் கவனம் வேண்டும். அரசமைப்பு நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26, உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஜூலை 27, பிற்பட்ட வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு அனுமதி தரும் 15(4)ஐச் சேர்த்த முதல் திருத்தம் 1951 ஜூன் 18. தகுதியைப் பற்றிய ஒரே வரி 1951 மார்ச்சில் வந்திருந்தால் நிலுவையில் இருந்த வழக்கைப் பற்றியது. ஜூலையில் வந்திருந்தால் பாராளுமன்றம் செய்து முடித்த ஒன்றை எதிர்ப்பது.