கருப்பினப் பெண்களுக்கு நல்ல சிகைக் கலைஞரைத் தேடித் தரும் சேவை: நான் வடிவமைத்த விதம்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள ஹூஸ்டனில் என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருவர் கருப்பினப் பெண். இந்த ஊருக்கு வந்த முதல் ஆண்டிலேயே இரண்டு சலூன்களில் பாதி வேலையில் எழுந்து வந்துவிட்டார். ஓரிடத்தில் முடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதைச் செய்ய இங்கே ஆள் இல்லை" என்றார்கள். இன்னோரிடத்தில் காய்ந்த முடியில் வேரிலிருந்து சீப்பை இழுத்தார்கள். சிக்கை நுனியிலிருந்து எடுக்க வேண்டும் என்பது என் பாட்டிக்கே தெரியும். நெருக்கமான சுருள் முடிக்கும் விதி அதுதான். முடி நனைந்து கண்டிஷனர் ஊறியிருக்க வேண்டும் என்பது மட்டும் கூடுதல். அவருக்காகத் தொடங்கிய பட்டியல் இன்று அவருடைய தோழியரும் உறவினரும் பயன்படுத்தும் சேவையாகியிருக்கிறது. உங்கள் ஊரில் இதைச் செய்ய விரும்பினால், நான் போன வழி இது.

படி 1: கேளுங்கள்

"என்ன வசதி வேண்டும்?" என்று கேட்காதீர்கள். "கடைசியாகச் சலூனுக்குப் போன நாளை முதலிலிருந்து சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஐந்தாறு பேர் போதும். பேசுவதைவிட எழுதிக்கொள்வதே உங்கள் வேலை.

படி 2: அட்டவணை

ஆப் கட்டாதீர்கள். அட்டவணைகளை ஒன்றோடொன்று இணைக்க உதவும் ஏர்டேபிள் என்ற இணையச் சேவை போதும், கைப்பேசியில் திறக்கும் ஒரு வலைப்பக்கம் போதும். கூகுள் ஷீட்டில் தொடங்கினால், ஒருவரை மூன்று பட்டியல்களோடு இணைக்கும்போது கை வலிக்கும்.

முக்கியமானது இது: கலைஞருக்கு ஒரு வரிசை என்று வைக்காதீர்கள். ஒரு கலைஞரின் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரிசை வையுங்கள். தலையைச் சிறு கட்டங்களாக வகிடெடுத்துச் சவுரி சேர்த்துப் பின்னும் பாக்ஸ் பிரெய்டில் கைதேர்ந்தவர், ரசாயனமின்றிச் சூட்டால் நேராக்கும் சில்க் பிரஸ்ஸில் தடுமாறலாம். முடியைக் கயிறு கயிறாகத் திரள விடும் லாக்ஸை வளர்த்துப் பராமரிப்பது தனிக் கலை.

படி 3: தகுதியைச் சரிபார்த்தல்

"உரிமம் உள்ளவர் மட்டும்" என்றுதான் முதலில் வடிகட்டினேன். ஊரின் சிறந்த பின்னல்காரர்கள் பட்டியலிலிருந்து மறைந்துபோனார்கள். காரணம் சட்டத்தில் இருந்தது. டாலஸைச் சேர்ந்த ஐசிஸ் பிராண்ட்லி உரிமமின்றிப் பின்னியதற்காக 1997இல் கைது செய்யப்பட்டார். அவர் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2015இல் டெக்சஸ் பின்னலுக்கான உரிமத் தேவையையே நீக்கியது. முடி வெட்டவும் ரசாயனம் இடவும் இன்றும் உரிமம் வேண்டும். அதை மாநில உரிமத் துறையின் இணையதளத்தில் பெயரிட்டுப் பார்க்கலாம்.

உரிமம் இருப்பதாலேயே சுருள் முடி தெரியும் என்றும் சொல்ல முடியாது. எல்லா வகை முடியையும் கற்பிக்க வேண்டும் என்று நியூயார்க் சட்டம் இயற்றியதே 2023இல்தான். பிரிட்டனின் சிகைத் தொழில் தரநிலைகளில் ஆப்பிரிக்க முடி முறையாக இடம்பெற்றது 2021இல். இன்று நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் பலர் அதற்கு முன்பே சான்றிதழ் வாங்கியவர்கள்.

படி 4: மதிப்புரை

என்னை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தது இந்தப் படி. நட்சத்திரங்கள் வைத்தேன். எல்லோருக்கும் ஐந்து நட்சத்திரம் விழுந்தது. சலூனை விட்டு வெளியே வரும் நேரத்தில் எந்தத் தலையும் அழகாகத்தான் இருக்கும்.

உண்மை பின்னால்தான் தெரியும். சில்க் பிரஸ்ஸில் சூடு மிஞ்சியிருந்தால், அடுத்த முறை கழுவும்போது சுருள் திரும்பி வராது. அந்த முடியை வெட்டிவிட்டுப் புதிதாக வளர்க்க வேண்டியதுதான். இறுக்கிப் பின்னினால் நெற்றியோரத்தில் கொப்புளம் வரும். அதே இழுப்பு தொடர்ந்தால் அங்கே முடி உதிர்ந்து, சில சமயம் திரும்ப முளைக்காமலே போகும். ஆகவே கேள்வியின் நேரத்தை மாற்றினேன். சில்க் பிரஸ் என்றால் முதல் கழுவலுக்குப் பிறகு. பின்னல் என்றால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, அவிழ்த்த பிறகு ஒரு முறை. மின்னஞ்சல் வேண்டாம், குறுஞ்செய்தி அனுப்புங்கள். மூன்றே கேள்விகள்: வலித்தபோது சொன்னீர்களா, உடனே தளர்த்தினாரா? முடி முன்பு போலவே இருக்கிறதா? மறுபடியும் அவரிடமே போவீர்களா?

யாருடைய மதிப்புரை என்பதும் முக்கியம். தளர்ந்த அலை முடிக்காரர் புகழ்வது, பேனா ஸ்பிரிங் போன்ற சுருள் உள்ளவருக்கு எதையும் சொல்லாது. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ராவின் சிகைக் கலைஞர் ஆந்த்ரே வாக்கர் வகுத்த எண் முறையிலிருந்து வளர்ந்த 4ஏ, 4பி, 4சி என்ற நெருக்கமான சுருள் முடிப் பிரிவுகளைப் போட்டுப் பார்த்தேன். ஒரே தலையில் இரண்டு மூன்று வகை இருப்பதால் பெண்கள் குழம்பினார்கள். இப்போது மதிப்புரை தருபவரிடம் கழுவி எதுவும் பூசாத முடியின் படம் ஒன்று கேட்டு வாங்குகிறேன். கலைஞரைத் தேடும் பெண்கள் அந்தப் படங்களில் "என் முடி போன்றது" என்று தாங்களே தொட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இது நன்றாக வேலை செய்கிறது.

படி 5: விலை

ஒற்றை எண்ணைப் போடாதீர்கள். சவுரி அதில் அடங்குமா, கழுவி உலர்த்திக்கொண்டு வர வேண்டுமா, இடுப்புவரை நீளமென்றால் எவ்வளவு கூடும், முன்பணம் திரும்பக் கிடைக்குமா, எத்தனை மணி நேரம் என்று தனித்தனிக் கட்டங்கள் வேண்டும். பின்னலுக்கு ஒரு முழுப் பகல் போய்விடும். குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டு வருபவருக்கு நேரமும் விலைதான். சவுரியை நாமே வாங்க வேண்டுமானால் அதன் வகையையும் எழுதச் சொல்லுங்கள். பின்னலுக்குப் பெரும்பாலும் செயற்கை இழை. தைத்துச் சேர்ப்பதற்கோ மனித முடி. இந்தக் கடைகளில் விற்கும் மனித முடியில் திருப்பதியில் காணிக்கையாகக் கொடுத்த முடியும் உண்டு.

பின்சேர்க்கை: இதைப் படித்த பின்னல் கலைஞர் ஒருவர், தான் வீட்டிலேயே வேலை செய்வதாகவும், என் வரைபடம் அவர் வாசலையே காட்டிக்கொடுப்பதாகவும் எழுதினார். அன்றிரவே மாற்றிவிட்டேன். இப்போது பகுதியின் பெயர் மட்டும் தெரியும். முன்பணம் கட்டி நேரம் உறுதியான பிறகே முழு முகவரி போகும். ஏர்டேபிளில் முகவரியைத் தனி அட்டவணையில் வைத்து, பொதுப் பார்வையில் அதைச் சேர்க்காமல் விடுங்கள். அந்த நெடுவரிசையை மறைத்தாலே போதும் என்று நினைக்காதீர்கள்.