பிளே ஸ்கூல் பார்க்கப் போகிறீர்களா? பாத்ரூம் வரை போய்ப் பாருங்கள்

பிரீகேஜி அட்மிஷனுக்கு அலைகிறவர்கள் முதலில் கேட்பது ஃபீஸ், அடுத்தது ஏசி இருக்கிறதா, அப்புறம் ஸ்மார்ட் போர்டு, கேமரா, இங்கிலீஷில் பேசுவார்களா என்பது. இரண்டரை வயதுக் குழந்தைக்கு இதில் பாதி தேவையே இல்லை. வயிறு வலிக்கிறது என்றுகூடச் சொல்லத் தெரியாத வயதில், முகத்தைப் பார்த்தே என்ன வேண்டும் என்று புரிந்துகொள்கிற ஒரு மிஸ்ஸும் ஓர் ஆயாம்மாவும் வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. அந்த இருவரைத் தேடித்தான் போகிறோம் என்று மனதில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பலூன் கட்டி வரவேற்கிற அட்மிஷன் நாளில் போனால் ஒன்றும் தெரியாது. சாதாரண வேலைநாளில், காலை பத்தரை மணிவாக்கில், ஸ்நாக்ஸ் நேரத்தில் வரலாமா என்று கேளுங்கள். பெற்றோரை வகுப்புக்குள் விட மாட்டோம் என்பது நியாயமான விதிதான், தினமும் யாராவது எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் குழந்தைகள் எப்படி நிலைகொள்ளும்? ஆனால் சேர்ப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை, வாசலில் நின்று ஐந்து நிமிடம்கூடப் பார்க்கக் கூடாது என்றால் அந்த இடம் வேண்டாம்.

ஸ்நாக்ஸ் நேரத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அப்போதுதான் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் உதவி தேவைப்படும், மிஸ்ஸின் பொறுமை எவ்வளவு என்று அப்பட்டமாகத் தெரியும். நான் பார்த்த ஓர் இடத்தில் ஒரு பையன் டப்பா மூடியோடு போராடிக்கொண்டிருந்தான். மிஸ் அதைப் பிடுங்கித் திறக்கவில்லை, ஓரத்தை மட்டும் லேசாக நெம்பிவிட்டு அவன் கையிலேயே கொடுத்தார், அவன் திறந்துவிட்டு "நானே தொறந்துட்டேன்" என்று ரூம் முழுக்கக் காட்டினான், அதற்குள் அவர் அடுத்த குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆயிரம் பிரோஷர் படித்தாலும் இது கிடைக்காது. அழுகிற குழந்தையிடம் என்ன சொல்கிறார்கள் என்றும் காது கொடுத்துக் கேளுங்கள். மடியில் வைத்துக்கொள்கிறார்களா, இல்லை "அழுதா அம்மா வர மாட்டாங்க" என்கிறார்களா? ஜூன் மாதம் எந்தப் பள்ளிக்குப் போனாலும் அழுகைச் சத்தம்தான் இருக்கும், அது குற்றமில்லை. அந்த அழுகைக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

ஒரு வகுப்பில் எத்தனை குழந்தைகள், அவர்களுக்கு எத்தனை பேர் என்று நேராகக் கேளுங்கள். மூன்று வயதுக்குக் கீழே என்றால் பத்துப் பன்னிரண்டு குழந்தைக்கு ஒரு மிஸ், கூடவே ஓர் ஆயாம்மா என்பதற்கு மேல் போனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். "இந்த மிஸ் எத்தனை வருஷமா இங்கே இருக்காங்க?" என்பதையும் விடாதீர்கள். வருஷத்துக்கு மூன்று மிஸ் மாறுகிற இடத்தில் குழந்தை ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து பழக வேண்டும்.

சரி, பாத்ரூம். கட்டாயம் உள்ளே போய்ப் பாருங்கள். சின்ன டாய்லெட் இருக்கிறதா, குழாய் குழந்தைக்கு எட்டுமா, தரை வழுக்குகிறதா, கதவில் குழந்தை உள்ளிருந்து போட்டுக்கொண்டு மாட்டிக்கொள்கிற தாழ்ப்பாள் இருக்கிறதா? யார் கூட்டிப் போவார்கள், யார் கழுவிவிடுவார்கள், ஆயாம்மா லீவு போட்டால் யார்? டயப்பர் பழக்கம் முழுதாக விட்டிருந்தால்தான் சேர்ப்போம் என்று சில இடங்களில் சொல்வார்கள், அதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். டிரஸ்ஸில் போய்விட்டால் திட்டுகிற இடம் என்றால் குழந்தை அடக்க ஆரம்பிக்கும், அடக்குவதற்காகத் தண்ணீர் குடிக்காது. பாட்டில் தினமும் நிரம்பியபடியே திரும்பி வருகிறதென்றால், வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுகிறதென்றால், பள்ளியில் போய்ப் பேசுங்கள்.

இதோடு சேர்ந்ததுதான் மொழியும். குழந்தைக்கு அவசரம் என்றால் "ஒண்ணுக்கு வருது" என்றுதான் வாயில் வரும். அது புரிந்து, அந்த மொழியிலேயே பதில் சொல்கிற மிஸ் வேண்டும். வீட்டில் தெலுங்கோ உருதுவோ சௌராஷ்டிரமோ பேசுகிறவர்கள், நான்கைந்து அவசரச் சொற்களையாவது மிஸ்ஸிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, கட்டடத்தின் பின்பக்கம் நடந்து பாருங்கள். கூச்சப்படாதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீ, சமையலறையில் தொடங்கிக் கீற்றுக்கூரையைப் பிடித்த தீ. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் எல்கேஜி குழந்தை கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து இறந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மதுரையில் நான்கு வயதுக் குழந்தை பிளே ஸ்கூல் வளாகத்துத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தது. ஆகவே சம்ப் எங்கே, செப்டிக் டேங்க் எங்கே, மூடி துருப்பிடித்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். காஸ் சிலிண்டர் எங்கே வைத்திருக்கிறார்கள், வெளியேற இன்னொரு வழி உண்டா, மாடியில் வகுப்பு என்றால் ஜன்னலுக்கு கிரில் உண்டா என்றும் பாருங்கள். அங்கீகாரச் சான்றிதழையும் கேளுங்கள், இருக்கிறவர்கள் தயங்காமல் காட்டுவார்கள். மதியம் கேட்டில் குழந்தையை யாரிடம் ஒப்படைக்கிறார்கள் என்பதை ஒரு நாள் எதிர்ப்பக்கம் நின்று கவனித்தாலே போதும், அடையாள அட்டை கேட்கிறார்களா, "பாட்டி வந்தாச்சு" என்று சும்மா அனுப்பிவிடுகிறார்களா என்று தெரிந்துவிடும்.

தூரமும் பாதுகாப்புதான். நடந்து போகிற தூரத்தில் சுமாரான இடமும், வேனில் முக்கால் மணி நேரத் தூரத்தில் பிரமாதமான இடமும் இருந்தால், மூன்று வயது வரை நான் நடக்கிற தூரத்தையே எடுப்பேன். வேன்தான் வழி என்றால், உதவியாளர் இல்லாத வண்டியில் ஏற்றாதீர்கள். 2012-ல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகுதான், பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகளே வந்தன.

படிப்பு விஷயத்துக்கு வருவோம். போன வருஷக் குழந்தைகளின் நோட்டு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். பிரீகேஜி நோட்டில் பக்கம் பக்கமாக ஏபிசிடி எழுதியிருந்தால் எனக்குக் கவலையாக இருக்கும், உங்களுக்கும் இருக்க வேண்டும். மூன்று வயதில் மணிக்கட்டு எலும்புகளே முழுதாக உருவாகியிருக்காது. அந்த விரல்களுக்கு வேண்டியது களிமண் பிசைவது, காகிதம் கிழிப்பது, மணி கோர்ப்பது, மணலில் கிறுக்குவது. பக்கத்து வீட்டுக் குழந்தை ஐம்பது வரை எழுதுகிறதே என்று பெற்றோர் நெருக்குவதால்தான் பல மிஸ்கள் வேறு வழியின்றி எழுத வைக்கிறார்கள், அந்த நெருக்கடியை நாமாவது கொடுக்காமல் இருப்போம்.

போர்டில் 'மாண்டிசோரி' என்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். குழந்தை தானே செய்து கற்கிற அந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், அந்தப் பாரம்பரியம் இங்கே உண்மையாகவே உண்டு. ஆனால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். மூன்று வயதும் ஐந்து வயதும் ஒரே அறையில் இருக்கிறார்களா, பொருள்கள் குழந்தைக்கு எட்டுகிற அலமாரியில் இருக்கிறதா, எதை எடுப்பது என்று குழந்தையே முடிவு செய்கிறதா, மிஸ் எங்கே பயிற்சி எடுத்தார் என்று பாருங்கள். எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து கோரஸாக ரைம்ஸ் மட்டும் சொல்கிறார்கள் என்றால் அது வேறு வகைப் பள்ளி.

வயசு விஷயத்தில் அவசரம் வேண்டாம். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஐந்து வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பு, எல்கேஜிக்கு மூன்று முடிந்திருக்க வேண்டும், ஜூலை 31-ஐ வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். கேந்திரிய வித்யாலயாவில் ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது. எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கப் போகிறீர்கள் என்று பார்த்துப் பின்னாலிருந்து எண்ணுங்கள்.

காசு இல்லை என்பதற்காக மட்டுமின்றி, எல்லோருமே பக்கத்து அங்கன்வாடியை ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன, மதியச் சாப்பாடும் முட்டையும் உண்டு, 2019-ல் 2,381 மையங்களில் எல்கேஜி, யூகேஜி தொடங்கப்பட்டது. அங்கேயும் எல்லாம் அந்த டீச்சரைப் பொறுத்துத்தான், இதே கேள்விகளோடு போங்கள். தனியார் பள்ளியில்தான் என்றால், சிறுபான்மைப் பள்ளிகள் தவிர மற்றவற்றில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் கல்வி உரிமைச் சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும். வருமானம் ஆண்டுக்கு 2 லட்சத்துக்குள் இருப்பவர்கள் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம்.

ஃபீஸ் பற்றி ஒன்றுதான்: அட்மிஷன், டேர்ம், யூனிஃபார்ம், புத்தகம், ஆண்டு விழா எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு எவ்வளவு, பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்குங்கள், கட்டியதற்கெல்லாம் ரசீதும் வாங்குங்கள்.

சேர்த்த பிறகு முதல் சில வாரம் அழுவது சகஜம், ஒரு மணி நேரத்தில் தொடங்கி மெதுவாக நேரத்தைக் கூட்ட அனுமதிக்கிற பள்ளி என்றால் நல்லது. சொல்லாமல் நழுவிப் போகாதீர்கள், "சாப்பிட்டு முடிச்சதும் அப்பா வருவேன்" என்று சொல்லிவிட்டு, அதேபோல வந்து நில்லுங்கள். நன்றாகப் பழகிவிட்ட குழந்தை திடீரென்று ஒருவரின் பெயரைச் சொன்னாலே பயந்து உங்களை ஒட்டிக்கொள்கிறது, தூக்கத்தில் அலறுகிறது, உடம்பில் கை வைத்தால் விலகுகிறது என்றால் பிடிவாதம் என்று ஒதுக்காமல், முதலில் அனுப்புவதை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேளுங்கள். சந்தேகம் வலுத்தால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள், கட்டிய ஃபீஸ் போனால் போகட்டும்.