ஹார்வர்டு, எம்ஐடி என்று பட்டியல் போடும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு ஆகஸ்டிலும் பிளஸ் டூ பிள்ளைகளும் பெற்றோரும் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பட்டியலோடு என்னிடம் வருகிறார்கள். கடைசித் தேதியைத் தவறவிடுவது, கட்டுரையில் எழுத்துப்பிழை போன்றவற்றை அவர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் வருடா வருடம் அதே சறுக்கல்.

நிதியுதவி வேண்டாம் என்று டிக் அடிப்பது

பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான ‘காமன் ஆப்’ இணைய விண்ணப்பத்தில், நிதியுதவி கேட்கப் போகிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். ஆம், இல்லை, இரண்டே பதில்தான். “இல்லைன்னு போடுங்க, சுலபமா சீட் கிடைக்கும், உதவியை அப்புறம் கேட்டுக்கலாம்” என்று ஏஜெண்டுகள் சொல்கிறார்கள். இதைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஜனங்கள் நம்புகிறார்கள். பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள், வெளிநாட்டு மாணவர் பணம் கட்ட முடியுமா என்பதையும் பார்த்தே சீட் கொடுக்கின்றன. ஸ்டான்ஃபோர்டும் அப்படித்தான். ஆனால் விண்ணப்பிக்கும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர், நான்கு வருடத்துக்கும் கேட்க முடியாது என்று அதே ஸ்டான்ஃபோர்டு எழுதியே வைத்திருக்கிறது. வேறு பல இடங்களிலும் இதே விதிதான்.

திருப்பூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், கணக்கில் கெட்டிக்காரன். ஏஜெண்டு சொன்னபடி ‘இல்லை’ போட்டான். மார்ச் கடைசியில் சீட் வந்தது, வீட்டில் ஊருக்கே இனிப்பு கொடுத்தார்கள். வருடச் செலவு 80,000 டாலருக்கு மேல். விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவம் வர வேண்டுமானால் முதல் வருடப் பணத்துக்கு வங்கிக் கணக்கில் ஆதாரம் காட்ட வேண்டும். அப்பா நிலத்தை அடமானம் வைத்தும் பாதிகூடத் தேறவில்லை. உதவி கேட்டு எழுதிய மின்னஞ்சலுக்கு, விதிப்படி முடியாது என்று நான்கு வரியில் பதில் வந்தது. சீட்டை விட்டான். ஜேஇஇயும் எழுதியிருக்கவில்லை.

இத்தனைக்கும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மவுத், ஆம்ஹர்ஸ்ட், போடன் ஆகியவை வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டாலும் அதை வைத்துச் சீட்டை மறுப்பதில்லை. சேர்த்துக்கொண்டால், குடும்பத்தால் கட்ட முடியாத தொகையையும் அவையே ஏற்கின்றன. அங்கே ‘இல்லை’ என்று போடுவதால் ஒரு நன்மையும் இல்லை. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு விஷயங்களை எழுதுங்கள்: உதவி கேட்டால் வாய்ப்பு குறையுமா, வருடத்துக்கு நம் வீட்டால் உண்மையில் எவ்வளவு முடியும். வீட்டில் வருமானத்தைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் பேசுங்கள். இந்தப் பேச்சு நடக்காத வீட்டில்தான் ஏஜெண்டு பேச்சு எடுபடுகிறது.

கட்டணத்தைப் பார்த்தே ஒதுங்குவது

மேலே சொன்ன பல்கலைக்கழகங்களில், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்த முழுக் கட்டணம் பொருந்தாது. விண்ணப்பக் கட்டணத்துக்கும் விலக்கு கேட்கலாம்.

மார்க்குக்கு ஸ்காலர்ஷிப் வரும் என்று நம்புவது

ஐவி லீக் எனப்படும் ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட எட்டுப் பல்கலைக்கழகங்களிலும் எம்ஐடியிலும் மார்க்குக்குப் பணம் கிடையாது. வீட்டு வருமானத்தைப் பார்த்து மட்டுமே.

எர்லி டிசிஷன்

ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறை இது. கிடைத்தால் போயே ஆக வேண்டும். மனசு உறுதியாக இல்லையென்றால் தொடாதீர்கள்.

ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும்

இளநிலைப் படிப்புக்கு ஒரே வருடத்தில் இரண்டுக்கும் போட முடியாது. அக்டோபர் 15க்குள் ஒன்றை முடிவு செய்யுங்கள்.

உள்ளூர்த் தேர்வுகளைக் கைவிடுவது

எம்ஐடியில் வெளிநாட்டு விண்ணப்பதாரர்களில் சேர்த்துக்கொள்ளப்படுவது சுமார் 2 சதவீதம். நல்ல பிள்ளைகளுக்கே கிடைக்காது, அதில் அவர்கள் குறை எதுவும் இல்லை. எம்ஐடி முடிவு மார்ச் 14ஆம் தேதி வாக்கில் வரும், ஐவி லீக் முடிவுகள் மாதக் கடைசியில். ஜேஇஇ மெயின் இரண்டாம் சுற்று ஏப்ரலில். டிஎன்இஏ எனும் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்குப் பிளஸ் டூ மார்க்கே போதும். கட்டுரை எழுதும் மாதங்களில் இயற்பியல், வேதியியல் புத்தகங்களை மூடிவைக்காதீர்கள்.