சுங்கை சிப்புட்டில் யார் கண்ணிலும் படாமல் டாக்டரைப் பார்ப்பது எப்படி

துறையூரிலிருந்து கல்யாணமாகி, மலேசியாவில் பேராக் மாநிலத்துத் தோட்டத்து ஊரான சுங்கை சிப்புட்டுக்கு வந்தபோது எனக்கு 23 வயது. வந்த இரண்டாம் மாதமே வெள்ளைப்படுதலும் அரிப்பும் தொடங்கின. மாமியாரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு டவுனில் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனேன். பதிவு செய்யும் பெண் தமிழில்தான் கேட்டாள். நான் முணுமுணுத்தேன். அவள் அதைப் புரிந்துகொண்டு, உள்ளே இருந்தவளிடம் கூடம் முழுக்கக் கேட்கும்படி எடுத்துச் சொன்னாள். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கடைசி வீட்டு அக்கா. சாயங்காலம் மாமியார் "தலைவலி போய்விட்டதா?" என்று கேட்ட விதத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அதன்பிறகு இரண்டு வருடம் எந்த டாக்டரிடமும் போகவில்லை. எனக்கு வந்திருந்தது வெறும் பூஞ்சைத் தொற்று. ஒரு வாரத்து மருந்தில் போயிருக்க வேண்டியது, வந்து வந்து போனது. அந்த இரண்டு வருடத்தை இனி வருகிற எந்தப் பிள்ளையும் இழக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். வேலை பெர்மிட்டில் வந்த தம்பிகள், மணமாகி வந்த தங்கைகள், வளர்ந்த பிள்ளைகளோடு வந்திருக்கும் அக்காமார், எல்லாருக்கும் இது.

தோட்டத்து ஊர்களில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயத்திலிருந்து பாதிப் பேர் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் கோயிலும் கல்யாண மண்டபமும் ஒன்றுதான். ஆபத்துக்கு உதவ முதலில் ஓடி வருவதும் இதே ஊர்தான், அதை நான் மறுக்க மாட்டேன். உடம்பின் அந்தரங்கத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் இந்த நெருக்கம் கழுத்தை இறுக்குகிறது. அதனால் எங்கே போவது, என்ன சொல்வது என்பதைத் தேவை வருவதற்கு முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது

தோட்டத்தில் மருந்தகம் இருந்தால் அங்கே இருப்பவரை 'டிரெசர்' என்பார்கள். காய்ச்சல், வெட்டுக்காயம், பூச்சிக்கடி என்றால் அவரிடமே போகலாம். பெரும்பாலும் நல்லவர்கள். ஆனால் காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும்போது, நிற்கிற அதே ஆட்கள்தான் அவர் திண்ணையிலும் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது அரசாங்கச் சுகாதார கிளினிக். பெயர்ப்பலகையில் 'கிளினிக் கெசிஹாத்தான்' என்றிருக்கும். குடிமக்களுக்குச் சாதாரணச் சிகிச்சைக்கு 1 வெள்ளி, மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. இங்கே ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்வோம். வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு, வார்டில் சேர முன்பணமும் கட்ட வேண்டும். ஐ.நா. அகதி அட்டை வைத்திருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு அந்த வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டு. அட்டையைக் காட்டாமல் பணம் கட்டிவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலிலேயே காட்டுங்கள். தனியார் கிளினிக்கில் குடிமகனா இல்லையா என்று பார்ப்பது குறைவு. பெர்மிட் காலாவதியானவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஆவணம் இல்லாதவர்களைப் பற்றி அரசாங்க மருத்துவமனைகள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு 2001 முதல் இருக்கிறது. அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்கள் 1991இல் தொடங்கிய, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் தெனகானித்தா போன்ற அமைப்பிடம் முதலில் பேசுவது நல்லது.

யார் கண்ணிலும் படக்கூடாது என்றால் ஈப்போவுக்குப் போங்கள். 30 கிலோமீட்டர்கூட இருக்காது. இதில் குற்றவுணர்ச்சிக்கு இடமே இல்லை. பஸ் செலவு உங்கள் நிம்மதிக்குக் கொடுக்கும் விலை, அவ்வளவுதான். குடும்பக் கட்டுப்பாடு, கருப்பை சம்பந்தப்பட்ட சோதனைகளுக்கு எல்.பி.பி.கே.என். என்ற தேசிய மக்கள்தொகை வாரியத்தின் 'நூர் செஜாத்ரா' கிளினிக்குகள் உண்டு. 1958இல் தொடங்கிய குடும்பக் கட்டுப்பாட்டுச் சம்மேளனத்துக்கும் (இப்போது பெயர் ஃப்ராம்) மாநிலந்தோறும் சங்கங்கள் இருக்கின்றன. அங்கே வருகிற எல்லாரும் உங்களைப் போன்ற காரியத்துக்காகத்தான் வருகிறார்கள். அந்த வரவேற்பறையின் அமைதியே வேறு.

பதிவு செய்யும் இடத்தில் காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. மலாயில் இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்யுங்கள்: "சாயா நாக் ஜும்பா டோக்டர், ஹால் பெரிபாடி." டாக்டரைப் பார்க்க வேண்டும், சொந்த விஷயம் என்று பொருள். பெண் டாக்டர் வேண்டுமென்றால் "டோக்டர் பெரெம்புவான்" என்று கேளுங்கள். மாதவிடாய்க்கு 'ஹைட்', கர்ப்பத்துக்கு 'ஹாமில்', வெள்ளைப்படுதலுக்கு 'கெபுத்திஹான்'. சொல்ல வாய் வரவில்லையா, தாளில் எழுதிக் கொடுங்கள். கிளினிக்கில் நீங்கள் சொன்னதை மொழிபெயர்க்கப் பக்கத்தில் இருக்கும் யாரையாவது கூப்பிட்டால், வேண்டாம் என்று தலையசைத்துவிடுங்கள்.

பெர்மிட்டுக்கான சோதனை உங்களுக்கானதன்று

வேலைக்கு வந்தவர்களை ஒரு மாதத்துக்குள் ஃபோமெமா என்ற, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான மருத்துவச் சோதனைக்கு அனுப்புவார்கள். எச்.ஐ.வி., சிஃபிலிஸ், மஞ்சள் காமாலை பி (ஹெபடைட்டிஸ் பி), காசநோய், போதைப்பொருள், பெண்களுக்குக் கர்ப்பம், எல்லாம் அதில் பார்க்கப்படும். தகுதியில்லை என்று முடிவு வந்தால் முதலாளிக்கும் குடிநுழைவுத் துறைக்கும் போகும், ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேலை பெர்மிட்டில் இருக்கும் பெண் கர்ப்பமானால் அதுவே பெர்மிட்டை இழக்கக் காரணமாகிவிடும். இது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஆனால் நடைமுறை இதுதான். எனவே சந்தேகம் இருப்பவர்கள் கிளம்புவதற்கு முன் ஊரிலேயே சோதித்துக்கொள்ளுங்கள், அங்கே சிகிச்சையும் கிடைக்கும். இங்கே வந்த பிறகு உங்கள் உடம்புக்காகச் செய்துகொள்ளும் சோதனை தனி.

எச்.ஐ.வி. சோதனையை அரசாங்கச் சுகாதார கிளினிக்குகளில் பெயர் சொல்லாமலே செய்துகொள்ள வழி இருக்கிறது. நேற்று நடந்ததற்கு இன்று சோதித்துப் பயனில்லை. ஆறு வாரம் கழித்து ஒரு முறை, மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி ஒரு முறை பாருங்கள். தம்பிகளுக்குச் சொல்கிறேன், சிஃபிலிஸ் புண் வலிக்காது. மருந்து போடாமலே ஆறியும் விடும். ஆறியது புண்தான், நோய் உள்ளேயே இருக்கும். பென்சிலின் ஊசியில் குணமாகிற நோயை மருந்துக்கடைக் களிம்பு தடவி மறைத்து வைக்காதீர்கள். கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று இன்னும் மௌனமானது. பெரும்பாலான பெண்களுக்கு அறிகுறியே தெரியாது. பல வருடம் கழித்துக் குழந்தை நிற்கவில்லை என்று போகும்போது கருக்குழாய் அடைத்திருப்பதைக் கண்டுபிடிப்பார்கள். உறவில் இருப்பவர்கள் கேட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள், கேட்காமல் யாரும் செய்ய மாட்டார்கள்.

ஊசிகளும் முன்கூட்டிய சோதனைகளும்

மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு 1989இலிருந்து போடப்படுகிறது. இந்தியா முழுவதும் அது வந்தது 2011இல்தான். ஆகவே தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் இருபதுகளில் உள்ள பலருக்கு அந்த ஊசி விழுந்திருக்காது. இது இரத்தத்தாலும் உடலுறவாலும் பரவும் நோய். தனியார் கிளினிக்கில் இரத்தம் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி இங்கே 2010 முதல் பள்ளியிலேயே, 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் போடப்படுகிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் முதல் வருடம். பெற்றோர் ஒப்புதல் படிவம் மலாயில் வரும். புரியவில்லை என்று புத்தகப்பையிலேயே விட்டுவிடாதீர்கள். வயதுக்கு வந்த பிள்ளைக்கு ஊசி போட்டால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்று சொல்லும் பாட்டிகள் ஒவ்வொரு லயத்திலும் உண்டு. அது பொய். கன்னிப்பெண்ணுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில்: உறவுக்கு முன்பு போட்டால்தான் முழுப் பலன். பள்ளி வயது தாண்டி வந்தவர்கள் 26 வயது வரையிலாவது தனியாரில் கேட்டுப் பாருங்கள். பதினைந்து வயதுக்கு மேல் மூன்று தவணை போடுவது வழக்கம்.

கருப்பை வாய்க்கான எச்.பி.வி. சோதனை 30 வயதிலிருந்து. இப்போது பல இடங்களில் பஞ்சுக் குச்சியால் நீங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம், யாரும் தொட வேண்டியதில்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2018இல் தொடங்கிய ரோஸ் திட்டத்தில் முடிவு உங்கள் கைப்பேசிக்கே வருகிறது. என்னைப் போல ஒருமுறை கூடத்தில் கூனிக் குறுகி நின்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

சர்க்கரையைப் பற்றிச் சுருக்கமாக: 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் நம்மவர்களிடம்தான் அதிகம். அப்பா அம்மாவுக்கு இருந்து உங்களுக்கு உடல் பருமனும் இருந்தால் நாற்பது வரை காத்திருக்காமல் இப்போதே இரத்தம் பாருங்கள். கல்யாணம் பேசும் முன், பெற்றோர் வழி பிள்ளைக்கு வரும் இரத்த நோயான தாலசீமியாவுக்குச் சோதனையும் செய்துவிடுங்கள். இங்கே படிவம் நான்கு (16 வயது) மாணவர்களுக்குப் பள்ளியிலேயே பார்க்கிறார்கள், நாம் அதைத் தவறவிட்டு வந்தவர்கள்.

மணிக்கணக்கு முக்கியமான நேரங்கள்

பையன்களைப் பெற்றவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். விரைப்பகுதியில் திடீரென்று கடும் வலி, வாந்தியோடு வந்தால், விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் அந்த விரையை இழக்க நேரும். பெரும்பாலும் 12 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு, தூக்கத்திலேகூட வரும். பிள்ளை வெட்கப்பட்டு 'வயிற்றுவலி' என்பான், அம்மா ஓமத் தண்ணீர் கொடுப்பாள், விடிந்துவிடும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு அனுப்பினால் அந்தப் பயணமும் ஆறு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். வயிற்றுவலி என்று சொல்லும் பையனிடம் "கீழேயும் வலிக்கிறதா?" என்று அப்பா கேட்க வேண்டும்.

ஆணுறை கிழிந்தாலோ, பாதுகாப்பில்லாமல் உறவு நடந்தாலோ, அவசரக் கருத்தடை மாத்திரை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு நல்லது. பதிவு பெற்ற மருந்தாளரிடம் டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். அது ஏற்கெனவே உண்டான கருவைக் கலைக்காது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கும் அதே 72 மணி நேரம்தான் கெடு. கரு தங்கிவிட்டால் இணையத்தில் விற்கும் மாத்திரையைத் தொடாதீர்கள். தாயின் உயிருக்கோ, உடல், மனநலத்துக்கோ ஆபத்து என்று டாக்டர் நல்லெண்ணத்தோடு கருதினால் கருவைக் கலைக்க 1989 சட்டத் திருத்தம் இடம் தருகிறது. டாக்டரிடம் பேசுங்கள்.

பலவந்தம் நடந்திருந்தால் நேரே அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய் 'ஓ.எஸ்.சி.சி.' என்று சொல்லுங்கள். வன்முறைக்கு ஆளானவர்களுக்கு எல்லா உதவியும் ஒரே இடத்தில் தரும், 1994இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கிய ஏற்பாடு அது. தனியறையில் வைத்துப் பார்ப்பார்கள். குளிக்காமல், உடுத்தியிருந்த துணியோடு போங்கள். துணி மாற்றிவிட்டால் பழையதைக் காகிதப் பையில் எடுத்துச் செல்லுங்கள். அரசாங்கத்தின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999, இரவு பகலும் உண்டு.

பெற்றோருக்கு

சட்டத்தை மறைக்காமல் சொல்கிறேன். 16 வயதுக்கு உட்பட்ட பெண்ணோடு உறவு கொண்டால், அவள் சம்மதித்திருந்தாலும் அது கற்பழிப்புக் குற்றம். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் மீதான பாலியல் குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே 2017 சட்டப்படி தண்டனைக்குரியது. ஆகவே டாக்டர் புகார் செய்தால் அவரைத் திட்டாதீர்கள், அது அவர் கடமை. 18 வயதுக்குக் கீழே சிகிச்சைக்கு உங்கள் ஒப்புதலும் தேவைப்படும்.

சுகாதார கிளினிக்கில் 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்குத் தனிச் சோதனைப் படிவம் இருக்கிறது. வீடு, பள்ளி, சாப்பாடு, புகை, காதல், மனச்சோர்வு எல்லாவற்றையும் கேட்பார்கள். அப்போது தாதி உங்களை வெளியே இருக்கச் சொன்னால், எழுந்து போய்விடுங்கள். என் மகளுக்கு 17 வயதில் அப்படிச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. வெளியே பெஞ்சில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். என்ன பேசினாய் என்று கேட்கவில்லை. மூன்று நாள் கழித்து அவளே பாத்திரம் கழுவும்போது கொஞ்சம் சொன்னாள்.

மனம் தாங்காத இரவுகளுக்கு, மனம்விட்டுப் பேச உதவும் தொண்டு அமைப்பான பெஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. தமிழிலும் பேசலாம். தற்கொலை முயற்சி 2023க்குப் பிறகு இங்கே குற்றமில்லை. அதனால் மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்காதீர்கள்.

போகும்போது பாஸ்போர்ட் அல்லது ஐசி (அடையாள அட்டை), பெர்மிட், மணமானவர்கள் திருமணச் சான்றிதழ், ஊரில் போட்ட ஊசிகளின் அட்டை இருந்தால் அதுவும் எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை கூட்டம் நெரியும். மைசெஜாத்ரா என்ற அரசாங்கச் சுகாதாரச் செயலியில் முன்பதிவு செய்துவிட்டு வாரத்தின் நடுவில், மதியம் இரண்டு மணிக்குமேல் போனால் கூடம் ஓரளவு காலியாக இருக்கும்.