எக்ஸிகியூட்டர் வெளிநாட்டில் இருந்தால் பவர் பத்திரம் எப்படி

உயிலில் எக்ஸிகியூட்டராக (உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளராக) பெயர் இருப்பவர் அந்தப் பதவியையே பவர் (தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) மூலம் இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. புரொபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று) அவர் பெயருக்குத்தான் கிடைக்கும். எங்கள் முதல் பத்திரம் செல்லாததற்குக் காரணம் இதுதான்: "என் எல்லாப் பொறுப்புகளையும் ஒப்படைக்கிறேன்" என்று பொதுவாக எழுதியிருந்தோம்.

திருத்தி எழுதியதில், "இன்ன தேதியிட்ட உயிலின் எக்ஸிகியூட்டர் என்ற நிலையில்" என்று தொடங்கினோம். மனுத் தாக்கல், ஆஜராவது, வங்கியில் ஆவணம் கொடுப்பது, ரசீது வாங்குவது என வேலைகளைத் தனித்தனியே எழுதினோம். எதை விற்பது, கடனை எப்படித் தீர்ப்பது போன்ற முடிவுகள் எக்ஸிகியூட்டரிடமே இருக்கட்டும். இதில் தயவுசெய்து தளர்வு வேண்டாம்.

மனுத் தாக்கல் செய்யும் மாநிலத்திலேயே எக்ஸிகியூட்டர் இல்லை, செயல்பட முன்வரும் வேறு எக்ஸிகியூட்டரும் இங்கே இல்லை என்றால், இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 241 கைகொடுக்கும். உயிலை இணைத்த நிர்வாக உரிமை ஆணையை நீதிமன்றம் முகவருக்கே (பவர் பெற்றவருக்கே) தரலாம். எக்ஸிகியூட்டர் தானே புரொபேட் வாங்கும் வரைதான் அது செல்லும்.

பவர் பத்திரம் வெளிநாட்டில் கையெழுத்தானால் இந்தியத் தூதரகச் சான்றோ, நோட்டரியும் அப்போஸ்டிலும் (ஆவணம் உண்மையானது என்று அந்த நாட்டு அரசு தரும் சான்று) சேர்ந்தோ வேண்டும். இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள். இறந்தவர் உயிரோடிருந்தபோது கொடுத்த பழைய பவரை நம்ப வேண்டாம். பொதுவாக அது அவர் மரணத்தோடு முடிந்துவிடும்.